கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதியவர்களுக்கு

பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை முகத்தில் அடிக்கிறது. காருக்கு அடியில் தரை ஈரமாக இருக்கிறது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. பிடித்தாலும் சைலன்சர் கரும்புகை கக்குகிறது. இவ்வளவும் ஒன்றாக வந்தால் மதுரையில் எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்: “கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ சார்.” அவர் சொல்வது சரிதான். அதற்குப் பிறகு ஸ்குரூ டிரைவரும் ஸ்பானருமாக அவர் கை எங்கே போகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். நிறையப் பேர் நேராக, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் கலவை நட்டைத் திருகுவார்கள். அங்கே கை வைக்க விடாதீர்கள். ஓவர்ஃப்ளோ என்பது டியூனிங் கோளாறு இல்லை. பெட்ரோலை நிறுத்த வேண்டிய இடம் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அதைச் சரி செய்யாமல் நட்டைத் திருகினால், ஒன்றாக இருந்த கோளாறு இரண்டாகும்.

இங்கே சொல்வதெல்லாம் எஸ்.யு. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் கார்புரேட்டரை வைத்துத்தான். எம்.ஜி.பி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இரண்டும் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானவை. இரண்டிலும் ஜோடி எஸ்.யு. உட்கார்ந்திருக்கும். எம்.ஜி.பி.யில் எச்.எஸ்.4, ஸ்பிட்ஃபயரில் எச்.எஸ்.2, அது 1500 சி.சி. ஆனபின் எச்.எஸ்.4. கடைசி எண், ஒரு அங்குலத்துக்கு மேல் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பதைச் சொல்கிறது: 2 என்றால் ஒன்றேகால் அங்குல வாய், 4 என்றால் ஒன்றரை. 1970களின் எம்.ஜி.பி.கள் பலவற்றில் எச்.ஐ.எஃப்.4 வந்தது, அதில் மிதவை அறை (பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணம்) கார்புரேட்டரின் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் திறக்கும் முறை வேறு. அமெரிக்காவுக்குப் போன கடைசிக் கால வண்டி உங்களுடையது என்றால் ஸ்ட்ரோம்பெர்க் என்ற வேறு வகைக் கார்புரேட்டர் ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் வேறு சமாச்சாரம்.

வெளிநாட்டு வண்டி என்று பயப்பட வேண்டாம். அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்தது. அம்பாசடரும் ஹெரால்டும் பார்த்த ஒரு மூத்த மெக்கானிக் உங்கள் பேட்டையில் இன்னும் இருந்தால், கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற பெரிய ஒர்க்‌ஷாப்பை விட அவர் மேல்.

கை வைப்பதற்கு முன்

இந்த இரண்டு கார்களிலும் கார்புரேட்டரும், புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வழிகிற பெட்ரோல் நேராக அதன் மேலோ, பக்கத்திலோதான் விழும். ஆகவே ஓவர்ஃப்ளோ என்று தெரிந்த வண்டியை “மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்” என்று கிளப்பாதீர்கள். இக்னிஷனை அணைத்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். மூடிய ஷெட்டில், கார் இறங்கும் குழிக்கு மேல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். போர்ட்டிகோவில் செய்வதாக இருந்தால் வீட்டில் சொல்லி வையுங்கள்: சாயங்காலம் வாசலில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேலை முடியும்வரை வேண்டாம். வெளிச்சத்துக்கு வயர் இழுத்துத் தொங்கவிடும் பல்பு கூடாது, பேட்டரி டார்ச் போதும். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். கீழே வரும் பம்ப் சோதனைக்கு மட்டும் திரும்ப மாட்டினால் போதும். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று, இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

எங்கிருந்து வருகிறது?

எல்லா ஒழுகலும் ஓவர்ஃப்ளோ இல்லை. முதலில் எல்லாவற்றையும் வேஸ்ட் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். பிறகு பெட்ரோலை மட்டும் வரவழைத்து, எந்த இடம் முதலில் நனைகிறது என்று பாருங்கள். எம்.ஜி.பி.யில் பின்பக்கம் எஸ்.யு. எலக்ட்ரிக் பம்ப் இருக்கிறது. இக்னிஷன் சாவியைத் திருப்பினாலே வேலை செய்யும். ஸ்பிட்ஃபயரில் எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப், நம்மூரில் ஏ.சி. பம்ப் என்பது (ஏ.சி. என்பது கம்பெனி பெயர்). பலவற்றில் கையால் அடிக்க ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, அதை அடித்தால் போதும்.

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: காது கொடுத்துக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சாவியைத் திருப்பியதும் பம்ப் டக் டக் டக் என்று வேகமாக அடிக்கும். மிதவை அறைகள் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாமலே விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மிதவை அறை மூடியிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய குழாய் வழியாகப் பெட்ரோல் வந்தால், அதுதான் அசல் ஓவர்ஃப்ளோ. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டரின் தொண்டைக்குள் ஜெட் (எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் சிறு துளைக் குழாய்) வாயிலிருந்து பெட்ரோல் பொங்கி வழிவதும் அதே கோளாறுதான். மூடியின் விளிம்பில் மட்டும் கசிந்தால் பேக்கிங் போயிருக்கலாம். மிதவை அறையின் அடியிலிருந்து ஜெட்டுக்குப் போகும் நைலான் குழாயின் முனையில் சொட்டினால் அங்கே இருக்கும் சின்ன ரப்பர் கிளாண்டு கெட்டிருக்கிறது. இவை இரண்டுக்கும் மிதவையைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கார்புரேட்டர் இரண்டு இருப்பதால், எந்தக் குழாய் சொட்டுகிறது என்று பார்த்து அதை மட்டும் திறந்தால் போதும்.

அந்த மெல்லிய குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. சொட்டுகிறதே என்று அதன் வாயை ஸ்குரூ வைத்து அடைப்பவர்கள் உண்டு. சொட்டு நின்றதும் வேலை முடிந்தது என்று காசும் வாங்கிவிடுவார்கள். வழி அடைபட்ட பெட்ரோல் ஜெட் வழியாக எஞ்சினுக்குள் இறங்கும். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவி, பிஸ்டன் ரிங் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஒரு சிலிண்டரில் நிறையத் தேங்கிய நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடே வளையலாம். போதாக்குறைக்கு மிதவை அறைக்குக் காற்று போய்வரும் வழியும் அதுதான். பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள் என்றால் இன்றே அந்தக் குழாய்களைப் பாருங்கள்: வாய் திறந்திருக்கிறதா, எக்ஸாஸ்டுக்குத் தள்ளி, எஞ்சினுக்குக் கீழே வரை இறங்குகிறதா?

நடு ரோட்டில் நின்றுவிட்டால்

கோரிப்பாளையத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும்போது இது வரலாம். வண்டியை ஓரம் தள்ளி, சாவியை அணைத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். ஆறியதும் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மிதவை அறை மூடியில் மெதுவாக இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடிலில் தூசி மாட்டியிருந்தால் பல சமயம் இதிலேயே விலகிவிடும். சொட்டு நின்று, சிந்தியது முழுக்க உலர்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது சோக் வேண்டாம். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று நிறையப் போய் மிஞ்சிய பெட்ரோல் வெளியேறும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். எஸ்.யு.வில் ஆக்சிலேட்டர் பம்ப் கிடையாது, அதனால் மிதியை அடித்து அடித்து விடுவதில் பயனில்லை. சோலெக்ஸ், வெபர் வைத்த வண்டிகளில் அப்படி அடித்தால் இன்னும் பெட்ரோல் பீய்ச்சி நிலைமை மோசமாகும்.

தட்டியும் நிற்காமல் வழிகிறது என்றால் கயிறு கட்டி இழுத்துப் போவதுதான் ஒரே வழி.

மூடியைத் திறந்து பார்ப்பது

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்கிற வேலையைத்தான் இங்கே மிதவை செய்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், நீடிலைத் தள்ளி வழியை மூடும். மூடவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று: நீடில் சரியாக உட்காரவில்லை, மிதவை மிதக்கவில்லை, அல்லது பம்ப் மிதவையை விட பலமாகத் தள்ளுகிறது.

எச்.எஸ். வகையில் மூடியை மூன்று ஸ்குரூக்கள் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் மூடிக்கும் அறைக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று திசையில் எதில் வைத்தாலும் மூடி உட்கார்ந்துவிடும். தப்பாக வைத்தால் வழியும் குழாய் போகக் கூடாத பக்கம் திரும்பி நிற்கும். பெட்ரோல் ஹோஸைக் கழற்றி அதன் வாயை மூடி, மூடியை நேராக மேலே தூக்கினால் மிதவையும் கூடவே வரும். மிதவையைப் பிடித்திருக்கும் பின்னின் ஒரு முனையில் பல் வெட்டியிருக்கும். அந்த முனையைப் பிடித்து இழுங்கள். நீடில் தானாகக் கீழே விழும் என்பதால் அடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. தரையில் உருண்டு காணாமல் போனால் அடுத்தது கூரியரில்தான் வர வேண்டும்.

முதலில் அறையின் அடியைப் பாருங்கள். துருத் தூள், கறுப்பு ரப்பர்த் துகள், சேறு மாதிரி படிவு, தண்ணீர்த் துளி, எது கிடந்தாலும் துடைத்து எறிந்துவிடாமல் ஒரு வெள்ளைத் துணியில் எடுத்து வையுங்கள். கோளாறு எங்கே பிறந்தது என்று சொல்லும் சாட்சி அது, பின்னால் தேவைப்படும்.

நீடிலின் கூர்முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் வளையம் போல ஒரு தேய்மானம் இருந்தால் அது முடிந்தது. எமரித் தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நீடிலும் அது உட்காரும் சீட்டும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முழுக்க உலோகமாக இருப்பதை விட முனையில் வைட்டான் ரப்பர் வைத்த நீடில் சிறு தூசியைப் பொறுத்துக்கொள்ளும், இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்கும் தாங்கும்.

அடுத்தது மிதவை. காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலப்பு கேட்டால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் துடைத்துவிட்டு வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள்; ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். வெந்நீரை அடுப்படியிலிருந்து வெளியே எடுத்து வந்து செய்யுங்கள், பெட்ரோல் நனைந்த மிதவையை அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள். ஓட்டை மிதவைக்குப் பசை போட்டு ஒட்டுவது ஊர் போய்ச் சேர மட்டும்தான் உதவும். புதியது வாங்கிவிடுங்கள்.

நீடிலும் மிதவையும் நன்றாக இருந்தால் மட்டத்தைப் பாருங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவை தன் எடையிலேயே நீடிலை அழுத்தும்படி விடுங்கள். இப்போது மூடியின் விளிம்புக்கும் மிதவைக்கும் நடுவில் அரைக்கால் அங்குலம், அதாவது சுமார் 3.2 மி.மீ. இடைவெளி வேண்டும். 3.2 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டைக் குறுக்கே வைத்தால் அதுவே அளவுகோல். நீடிலில் ஸ்பிரிங் வைத்த சின்ன முளை இருந்தால் கையால் அமுக்கி அளக்கக் கூடாது, அளவு பொய்யாகிவிடும். மிதவையின் கை உலோகமானால் மெதுவாக வளைத்துச் சரி செய்யலாம். முழுக்க நைலானாக இருந்தால் வளைக்க முடியாது. நீடில் சீட்டுக்கு அடியில் வாஷர் சேர்த்தால் பெட்ரோல் மட்டம் இறங்கும், எடுத்தால் ஏறும். ஹெரால்டுக்கு வேலை பார்த்தவர்கள் சோலெக்ஸிலும் இதே மாதிரி வாஷர் கனத்தை வைத்துத்தான் மட்டம் பிடிப்பார்கள், அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாம் மாட்டிய பின் மூடியைத் தலைகீழாகவே பிடித்து, பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான ஒரு ஹோஸ் துண்டைச் செருகி வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. மூடியை நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும். இதில் தேறினால் புதுப் பேக்கிங் வைத்து மூடுங்கள். ஸ்குரூக்களை ஒரே மூச்சில் முறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூடி மென்மையான உலோகம், வளைந்துவிடும்.

புது நீடில் போட்டும் வழிகிறதா?

அப்படியானால் பம்பைப் பாருங்கள். எஸ்.யு. கார்புரேட்டருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தமே தாராளம். பழைய பம்ப் செத்துப்போனதும் கிடைத்த எலக்ட்ரிக் பம்பை மாட்டிவிட்ட வண்டிகளில், 5, 6 பி.எஸ்.ஐ. வந்து நீடிலைத் தள்ளித் திறந்துவிடும். மிதவையின் மேல் எந்தத் தப்பும் இல்லை. சரியான பம்ப் போடுங்கள், உடனே முடியாவிட்டால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றை நடுவில் வையுங்கள். இன்ஜெக்ஷன் காரின் பம்ப் பக்கமே போகாதீர்கள். அது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளக்கூடியது.

குப்பை எங்கிருந்து வந்தது என்று வெள்ளைத் துணி சொல்லும். செம்பழுப்புத் தூள் என்றால் டேங்கின் உட்புறத் துரு. கறுப்புத் துகள் என்றால் ஹோஸின் உள்சுவர் கரைந்து உதிர்கிறது. 2025-இல் இந்தியா முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற நிலை வந்துவிட்டது. இந்தக் கார்களின் ரப்பரும் பேக்கிங்கும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உரிக்கும், டேங்கில் பல வருடம் படிந்ததைக் கிளப்பிவிடும், காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். கார்புரேட்டருக்கு முன்னால், எக்ஸாஸ்டுக்கு எட்டாத இடத்தில் ஒரு ஃபில்டர் வையுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் மிதவை அறையைக் காலி செய்துவிட்டு நிறுத்துவது நல்லது. என்னைக் கேட்டால், பாலிஷுக்கும் குரோமுக்கும் செலவழிக்கும் முன் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வேன். துரு உள்ள டேங்கை வைத்துக்கொண்டு கார்புரேட்டரை மட்டும் கழுவினால் அடுத்த வாரமே அதே இடத்தில் நிற்பீர்கள்.

கத்திரி வெயில் செய்யும் வேலை

காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒரு சொட்டும் இல்லை. மத்தியானம் எங்கோ போய்விட்டு, பத்து இருபது நிமிடம் நிறுத்தித் திரும்ப எடுத்தால் மட்டும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை வருகிறது. இது நீடில் கோளாறு இல்லை. எஞ்சினை அணைத்ததும் காற்றோட்டமும் நின்றுவிடுகிறது, மேனிஃபோல்டின் சூடு முழுவதும் மேலே ஏறி மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. அது ஜெட் வழியாகப் பொங்கி உள்ளே வழிகிறது. சித்திரைத் திருவிழா சமயத்தில் வைகைப் பாலங்களை ஊர்ந்து கடந்து வந்த வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மருந்து வேறு. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தகடு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வேலை பார்த்த யாராவது கழற்றிப் போட்டிருப்பார்கள். எஞ்சினுக்குக் கலவை போகும் இன்லெட் மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே சூடு கடத்தாத கட்டை இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக வெறும் பேக்கிங் இருக்கக் கூடாது. ஹோஸ்களை எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். நிறுத்தும்போது நிழல் பார்த்து நிறுத்தி, முடிந்தால் பானெட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். எடுக்கும்போது சோக் இல்லாமல், மிதியை அடிவரை அமுக்கி எடுங்கள்.

அதேபோல வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது கரும்புகையும் மந்தமும் வந்தால் அதையும் ஓவர்ஃப்ளோ என்று நினைத்து மூடியைத் திறக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிசு, அதே பெட்ரோலுக்குக் கலவை கெட்டியாகிவிடுகிறது. இறங்கினால் சரியாகும்.

ஒட்டிக்கொண்ட சோக்கும் இப்படி ஏமாற்றும். எச்.எஸ். வகையில் சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்குகிறது. உள்ளே தள்ளிய பிறகும் அது மேலே வராமல் நின்றால் நாள் முழுக்கச் சோக் போட்டு ஓட்டிய கதிதான். அடியிலிருந்து விரலால் ஜெட்டை மேலே அழுத்திப் பாருங்கள். விரலுக்கு அது நகர்ந்தால் கேபிளையோ இணைப்பையோ சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

சரி செய்த பிறகு

எஞ்சினைக் கிளப்பும் முன் ஆயில் ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்து உலர்த்துங்கள். இரண்டு கார்களுக்குமே இடைவெளி 0.025 அங்குலம். பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்துச் சிலிண்டரைக் காயவைப்பதாக இருந்தால், அதற்கு முன் காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். ஓட்டைகளிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும் நேரத்தில் பக்கத்தில் ஸ்பார்க் பறக்கக் கூடாது.

இப்போதுதான் கலவையைப் பார்க்கும் நேரம். எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்னத் தூக்கு பின்னை மேலே தள்ளி, கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனை (எஞ்சின் பிஸ்டன் அல்ல) ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் லேசாக ஏறி உடனே பழையபடி ஆனால் கலவை சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணையப் பார்த்தால் குறைவு. பெரும்பாலும் நட்டைத் தொடாமலே சரியாக இருக்கும்; முன்பே யாரோ திருகி வைத்திருந்தால் மட்டும் ஆறில் ஒரு சுற்று, ஆறில் ஒரு சுற்றாகத் திருத்துங்கள்.

பிறகு ஏர் ஃபில்டரை மாட்டி, முதலில் தெருவுக்குள்ளேயே இரண்டு வேகத்தடை ஏறி இறங்கிப் பாருங்கள். நீடில் சரியாக உட்காராவிட்டால் அந்தக் குலுக்கலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வந்து நிறுத்தி, குழாய் முனைக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். தாள் நனையாமல் இருந்தால் மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறும் முன், அழகர்கோவில் சாலையில் ஒரு நடை போய் வரலாம். தீயணைப்பான் டிக்கியிலேயே இருக்கட்டும்.